காட்டிலிருந்து தண்ணீர் டிரம்முக்கு

2006-ஆம் ஆண்டை நம் பக்கத்தில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ராயக்கோட்டையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். எனக்குக் காய்ச்சல் நாலு நாளில் விட்டது. மணிக்கட்டு வலி தீர எட்டு மாதம் ஆயிற்று. தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்க முடியாது. பெயரில் 'சிக்கன்' இருப்பதாக எண்ணிக் கோழிக்கறியை நிறுத்தியவர்களும் உண்டு.

கோழிக்கும் சிக்குன்குனியாவுக்கும் சம்பந்தமில்லை. 1952-53-இல் இன்றைய தான்சானியாவில், மகொண்டே மக்கள் வாழும் பகுதியில்தான் இந்நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது. வலியால் உடல் வளைவதைக் குறிக்கும் அவர்கள் சொல்லே பெயராகிவிட்டது. ஆப்பிரிக்கக் காடுகளில் இந்த வைரஸ் குரங்குகளுக்கும் காட்டுக் கொசுக்களுக்கும் இடையே சுற்றி வருகிறது. ஊருக்குள் வந்தபின் அதற்குக் குரங்கு தேவையில்லை. மனிதன், ஏடிஸ் கொசு, மறுபடி மனிதன், அவ்வளவுதான். ஏடிஸின் மூதாதையும் ஆப்பிரிக்க மரப்பொந்துத் தண்ணீரில் வளர்ந்ததே. பானைக்கும் தொட்டிக்கும் பழகி, கப்பலேறி உலகெங்கும் பரவியது.

1963-இல் கல்கத்தாவிலும், 1964-இல் சென்னையிலும் இந்நோய் பெரிதாகப் பரவியது. 1973-க்குப் பின் முப்பது ஆண்டுகள் நாட்டில் பெரிய சத்தமில்லை. 2005 இறுதியில் ஆந்திரா, கர்நாடகா வழியாகத் திரும்பியது. மறு ஆண்டில் நாடெங்கும் சுமார் 13.9 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது.

ஏடிஸ் கொசு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. ஓசூருக்கும் பெங்களூருக்கும் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வரும் நாம்தான் வைரஸைச் சுமந்து வருகிறோம். இங்கே அதற்குக் காத்திருப்பது நம் வீட்டு டிரம். குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊரில் சேர்த்து வைக்காமல் முடியுமா? வைக்கலாம், மூடி வைக்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை காலிசெய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே கொட்டினால் போதாது; சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். பழைய டயர், உடைந்த வாளி, தேங்காய்ச் சிரட்டை எதிலும் நீர் நிற்கக் கூடாது.

இக்கொசு பகலில் கடிப்பது. காய்ச்சல்காரரின் ரத்தத்தில் முதல் ஒரு வாரம் வைரஸ் இருக்கும். அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைத்தால் வீட்டில் மற்றவர்கள் தப்பலாம். டெங்குவைப் பரப்புவதும் இதே கொசுதான்.

வெள்ளிதோறும் வீடு கழுவுவது நம் வழக்கம். அதோடு டிரம்மையும் தேய்த்துவிடுங்கள். அந்த எட்டு மாத வலிக்குப் பிறகு என் வீட்டில் ஒரு வெள்ளியும் தவறியதில்லை.