கதவைத் திறந்து கேள்!

அண்ணனூர்க்காரர்களுக்கு ரயிலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மின்சார ரயில்கள் ராத்தங்கி, கழுவித் துடைத்துக்கொண்டு கிளம்புகிற கார்ஷெட் அந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கே வளர்கிற பிள்ளைக்கு ரயில் சத்தம் ஒரு சத்தமே இல்லை. காது பழகிவிடும். பழகிப்போன காதைச் சட்டம் போட்டுத் திறக்க முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கிறார்கள், ரொம்ப தூரத்தில்.

1938 டிசம்பர் 1. அமெரிக்காவின் யூட்டா மாநிலம், சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே ஒரு கிராமப் பக்கம். கடும் பனிப்பொழிவு. பிள்ளைகளோடு தண்டவாளத்தைத் தாண்டிய பள்ளிக்கூட பஸ் மீது, தாமதமாக வந்துகொண்டிருந்த கூட்ஸ் ரயில் மோதியது. டிரைவரும் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்களும் இறந்துபோனார்கள்.

அதன் பிறகு வந்தது அந்த விதி. ஸ்கூல் பஸ் தண்டவாளத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது, கதவைத் திறந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதென்ன கதவு? மூடிய பஸ்ஸுக்குள் இன்ஜின் உறுமுகிறது, நாற்பது வாண்டுகள் கத்துகின்றன. வெளியே மலை உருண்டாலும் தெரியாது! இன்றைக்கும் அங்கே பெரும்பாலான இடங்களில், கேட் திறந்தே கிடந்தாலும் ஸ்கூல் பஸ் நின்றுதான் போகும்.

(அடுத்த ஏப்ரலில் ஃபிராங்க் சைர் என்கிற பேராசிரியர் நியூயார்க்கில் ஒரு மாநாடு கூட்டி, பள்ளி பஸ் என்றால் மஞ்சள் என்று முடிவு செய்ய வைத்தார். விடியற்கால அரை வெளிச்சத்தில் மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும் என்பது காரணம். அந்த மஞ்சளை நாமும் வாங்கிக்கொண்டோம். கதவைத்தான் விட்டுவிட்டோம்.)

நம்மிடம் சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டம், 131-வது பிரிவு. ஆளில்லாத லெவல் கிராஸிங்கில் வண்டியை நிறுத்தி, கண்டக்டரோ கிளீனரோ இறங்கிப்போய் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். யாரும் இல்லையென்றால் டிரைவரே இறங்க வேண்டும். அப்படியிருந்தும் 2014 ஜூலை 24-ல் மேடக் மாவட்டம் மாசாய்ப்பேட்டையில், ஆளில்லாத கிராஸிங்கில் பள்ளி பஸ் மீது ரயில் மோதி 15-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 2019 ஜனவரிக்குள் அகலப் பாதைகளில் ஆளில்லாத கிராஸிங்குகளையே ஒழித்துக்கட்டிவிட்டது ரயில்வே. பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால், 131-வது பிரிவுக்குக் காவல் காக்க இடமே இல்லாமல் போய்விட்டது!

தமிழ்நாட்டுக்கென்று தனியாக 2012-ல் பள்ளி வாகன விதிகள் வந்தன. தாம்பரம் பக்கம், பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு வந்தவை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, கூடவே வர ஓர் உதவியாளர் என்று வண்டியை அக்கறையாகத்தான் பார்த்தார்கள்.

2025 ஜூலை 8. கடலூர் பக்கம் செம்மங்குப்பம். கேட் உண்டு, கேட் கீப்பரும் உண்டு. கேட்டை மூடாமலேயே, மூடியாச்சு என்று ஸ்டேஷனுக்குத் தகவல் போனது. கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்கிற 'இன்டர்லாக்கிங்' ஏற்பாடு அங்கே கிடையாது. ஸ்கூல் வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள்.

எந்த கேட்டுக்கு இன்டர்லாக்கிங் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. போகிற ரயில்களையும் வண்டிகளையும் பெருக்கிப் பார்ப்பார்கள். அந்த எல்லையை 20,000-லிருந்து 10,000-ஆகக் குறைத்தது ரயில்வே. சரி, 9,000 வருகிற கேட்? அந்த வழியாகவும் ஸ்கூல் வேன் போகும். 'கேட் திறந்திருந்துச்சு சார்' என்று டிரைவர் சொன்னால், 131-வது பிரிவுப்படி அவர்மேல் தப்பே இல்லை.

இன்டர்லாக்கிங்குக்குப் பணம் வேண்டும், வருஷங்கள் வேண்டும். 131-வது பிரிவில் பள்ளி வாகனங்களுக்கு மட்டுமாவது 'ஆளில்லாத' என்ற ஒரு சொல்லை அடித்துவிட, டெல்லியில் ஒரு பேனா இருந்தால் போதும்.