தவணை வைத்த வாசம்

மதுரைக்கு வடமேற்கே, வைகையின் வடகரையில், திண்டுக்கல் சாலையை ஒட்டி அமைந்த விளாங்குடியில் வசிப்பவர்களுக்குக் கூடல்நகர் வழியே ஓடும் ரயிலின் ஓசை அன்றாட வாழ்க்கையின் ஓர் அம்சமாகும். 1875-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியையும் மதுரையையும் இணைத்த இந்த இருப்புப்பாதை, 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரையில் நீண்டு, 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்பு தனுஷ்கோடியை எட்டி, அங்கிருந்து தலைமன்னாருக்குப் புறப்படும் நீராவிக் கப்பலோடு இணைந்தது. கடலின்மேல் இட்ட அந்தப் பாலத்தின் நிர்மாண சாமர்த்தியத்தைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள், பாராட்டத் தக்கதே. ஆனால் இவ்வழியாகக் கண்டிச்சீமை என்று ஜனங்கள் அழைத்த இலங்கைக்குப் போனவர்களின் சரித்திரத்தை நினைக்கும்போது, பிரயாணத்தைக் காட்டிலும் காத்திருப்பே என் மனத்தில் பெரிதாக நிற்கிறது. கடலைக் கடக்க அவர்களுக்குச் சில மணி நேரமே ஆயிற்று. எதற்காகக் கடந்தீர்கள், எத்தனை நாள் தங்குவீர்கள், எந்த நாட்டுப் பிரஜை நீங்கள் என்று சர்க்கார் காரியாலயங்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லி முடிக்க மூன்று தலைமுறைகள் போதவில்லை.

ஆதியில் இத்தகைய கேள்வி ஏதும் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம் ஜில்லாக்களில் மழை பொய்த்த காலங்களிலெல்லாம், ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணத்தைக் குடும்பத்தாரிடம் வைத்துவிட்டுக் கால்நடையாகவே கடற்கரை சேர்ந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரையில் நடந்து காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களிடம் எவரும் அநுமதிச் சீட்டுக் கேட்கவில்லை. வாந்திபேதியாலும் பசியாலும் அந்த வழியில் மாண்டவர் அநேகர். தேயிலை செழித்து ஆள்தேவை பெருகியபோதுதான் கட்டுப்பாடு வந்தது: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லை தொழிலாளியின் கழுத்தில் ஏறியது. பின்னர், இலங்கை சர்க்காரின் நிர்வாகத்திலேயே, ஆனால் இந்திய மண்ணில், மண்டபம் முகாம் அமைந்தது. அங்கே ஆணும் பெண்ணும் குழந்தையும் வரிசையில் நின்று, அம்மை குத்திக்கொண்டு, பெயர் பதிந்து, தொற்றுநோய் இல்லையென்று உறுதியாகும் வரையில் சில தினங்கள் அடைபட்டுக் கிடந்து, அதன் பின்னரே கப்பலேறினார்கள். கடுமையான வரிசைதான் அது. ஆயினும் அதன் முடிவில் அவர்களை எதிர்பார்த்து ஒரு தோட்டமும், லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் ஓர் அறையும் இருந்தன என்பதை மறக்கலாகாது; பிற்காலத்து வரிசைகளின் முடிவில் இருந்ததோ வெளியேற்றம்.

1939-இல் இந்திய சர்க்கார் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்தது. 1948-இல் சுதந்திரம் பெற்ற இலங்கை, அதே ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டம் ஒன்றையும், குடிவரவு குடியகல்வுச் சட்டம் ஒன்றையும் இயற்றிற்று. பின்னது 1949 நவம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தபோது, கொழும்பிலே கடை வைத்திருந்தவரும், கணக்கெழுதியவரும், சமையல் செய்தவருமான ஆயிரக்கணக்கான தமிழர், ‘தற்காலிக வாச அநுமதி’ என்ற சீட்டைப் பெற்றுத் தவணைக்குத் தவணை நீட்டித்துக்கொள்ள வேண்டியவராயினர். முப்பது வருஷம் ஒரே தெருவில் வாசம் செய்தவனுடைய வாசத்தைத் தற்காலிகமென்று ஒரு சீட்டு அறிவித்துவிட்டால், அப்புறம் அவனுடைய தொழிலும், வீடும், பிள்ளைகளின் படிப்பும் அந்தச் சீட்டில் எழுதிய தேதியையே பார்த்துக்கொண்டு நடக்க நேர்கிறது. தவணை முடிந்தும் நீட்டிப்பு மறுக்கப்பட்டவர்களின் குறை, ஐம்பதுகளில் இரு நாட்டு சர்க்கார்களுக்கும் இடையே ஓயாத விவகாரமாயிற்று.

தோட்டத் தொழிலாளரின் நிலைமை இதனினும் மோசம். 1949-ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுக்கு ஒரு வாசலைத் திறப்பதுபோலத் தோன்றிற்று: 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன்பு, மணமானவர் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும், இடைவிடாமல் இலங்கையில் வசித்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும், இடையில் ஒருமுறை 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் வாசம் அறுந்துபோகும். மகளுக்கு மணம் முடிக்கவோ, நோயுற்ற தாயைப் பார்க்கவோ, மதுரைப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்து, பணமில்லாமலோ யுத்தகாலத் தடைகளாலோ ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டவர், பிறந்த ஊரை நேசித்த காரணத்தாலேயே பிழைத்த ஊரை இழந்தார். அத்தாட்சியாவது சுலபமா? செக்ரோல் என்ற தோட்டத்து ஆள்கணக்கில் பெயர் தவறாக ஏறியிருக்கும். பிறப்புப் பதிவு இராது. எழுத்தறியாத மனிதரோ கணக்கப்பிள்ளையின் நினைவையும் துரையின் தயவையும் நம்பி நின்றார். 1951 ஆகஸ்டுக்குள் சேர்ந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 8,25,000 பேரைக் குறித்தன. பத்தாண்டுக்கு மேற்பட்ட விசாரணைக்குப் பின்பு பிரஜைகளாக ஏற்கப்பட்டவர் சுமார் 1,34,000 பேர். எஞ்சியவர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாது, நாடற்றவர் என்ற பெயரை ஏற்றனர்.

கிழக்கேயும் இதே கதைதான். 1937-இல் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்ட பர்மாவில், அந்நியர் பதிவுச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பித்து வாழ்ந்த தமிழர், 1964-இல் கடைகள் தேசியமயமானபோது கைப்பொருளின்றிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். மலேசியாவில், 1969-ஐ அடுத்த ஆண்டுகளில், பிரஜையல்லாதார்க்கு வேலை அநுமதி கட்டாயமானதும், சிவப்பு அடையாள அட்டையோடு ரப்பர்த் தோட்டங்களில் இருந்தவர்களில் பல்லாயிரவர் தாயகம் திரும்பினர்.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னால் தீர்மானிக்கலாமென்று விட்டது. அவர்களை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரைப் பாகப்பிரிவினைச் சொத்துப்போல் வகுத்த இந்த ஏற்பாட்டில் அவர்களுடைய சம்மதம் கேட்கப்படவில்லை என்பதே என் தீராத வருத்தம். விண்ணப்பம் கோரப்பட்டபோதோ, இந்தியப் பிரஜாவுரிமை கேட்டவர் சுமார் 4,00,000 பேர், இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர் சுமார் 7,00,000 பேர். உடன்படிக்கை எழுதிய விகிதமும் ஜனங்களின் விருப்பமும் நேர் எதிராக இருந்தன. உடன்படிக்கை ஏற்பட்டு இரண்டு மாதம் நிறையுமுன், டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. திரும்பி வருவோரின் கப்பல் இராமேசுவரத்துக்கு மாறிற்று.

அதன் பின்பு கண்டியில் இருந்த இந்திய உதவி ஹைகமிஷன் காரியாலயமே மலைநாட்டுத் தமிழரின் வாழ்க்கையை நிர்ணயிக்கும் இடமாயிற்று. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்ற குடும்பம், தன் முறை வரும்வரை இலங்கையின் வாச விசாவில் இருந்து, பின் வேலையை விட்டு, சேமலாப நிதி கைக்கு வரக் காத்திருந்து, குடும்ப அட்டையோடு தலைமன்னாருக்கு வந்தது. பாட்டன் அம்மை குத்திக்கொண்டு புறப்பட்ட அதே மண்டபம் முகாமில் பேரன் வந்திறங்கினான். 1984-இல் கப்பல் நின்றபோது, கடவுச்சீட்டு இருந்தும் புறப்படாதவர் பல்லாயிரவர். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிப்பவர்க்கும் அவர் சந்ததியார்க்கும் அந்நாடு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை அளித்தது. பங்கிட்ட தேதியே ஏறத்தாழ நாற்பதாண்டு சென்றபின் தகுதித் தேதியாக அமைந்தது.

இலங்கையில் நடந்த 1983-ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் கடல் கடந்து வந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் ஏற்பட்ட முகாம்களுள் ஒன்று, விளாங்குடிக்கு அருகிலுள்ள ஆனையூரில் இருக்கிறது. இத்தகைய முகாம்களில் வாழ்பவர்களுள் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரும் உண்டு. முன்னோர் புறப்பட்ட ஜில்லாக்களிலேயே அவர்கள் அந்நியராகப் பதிவேட்டில் இருக்கிறார்கள். 2019 ஜூன் மாதத்தில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், இப்படிப்பட்ட வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய பிரஜாவுரிமை விண்ணப்பங்களை 16 வாரத்துக்குள் பரிசீலித்து முடிவு செய்யும்படி உத்தரவிட்டார். 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார், 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரையில் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்குப் புதிய குடிவரவுச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்களித்தது. இது தண்டனையினின்றும் விலக்கேயன்றிப் பிரஜாவுரிமையன்று. இவர்களின் விண்ணப்பங்களை எடுத்துப் பார்க்கும் அதிகாரிகள், பாட்டன்மார் எந்தக் கிராமத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் போனார்களென்று சொல்லும் பழைய பதிவேடுகளையும் செக்ரோல்களையும் அத்தாட்சியாக ஏற்க முன்வர வேண்டும். அவற்றைத் தேடித் தரும் பொறுப்பும் முகாமில் இருப்பவர்மேல் விழாமல் சர்க்காரின் மேலேயே இருக்க வேண்டும்.