நிற்கும் பூச்சும் காக்கும் பூச்சும்

ஈழத்தமிழரின் கடலோடும் மரபைப் பற்றி எழுதுவோர் பாய்மரத்தைப் பற்றி எழுதுவர். திசையறியும் திறமையைப் பற்றி எழுதுவர். ஏற்றிச் சென்ற நெல்லையும் புகையிலையையும் ஓட்டையும் பற்றி எழுதுவர். நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலின் அடிப்பாகத்தில் என்ன பூசப்பட்டிருந்தது என்பது மிக அரிதாகவே எழுத்தில் வருகின்றது. ஆயினும் ஒரு மரக்கலம் எத்தனை ஆண்டு ஓடும், எவ்வளவு விரைவாக ஓடும் என்பதையெல்லாம் தீர்மானித்தது அந்தக் கண்ணிற் படாத பூச்சே ஆகும். இன்று பாய்க்கப்பல் மறைந்து இயந்திரப் படகு வந்துவிட்டது. பூச்சைப் பற்றிய கேள்வி மட்டும் மாறவில்லை. முன்னர் கப்பலின் அடியைப் பற்றிக் கேட்கப்பட்டது, இன்று இயந்திரத்தின் விசிறியைப் பற்றியும் கேட்கப்படுகின்றது: பூசினால் எத்தனை நாள் நிற்கும்?

கடலில் இறக்கப்பட்ட எந்தப் பொருளும் வெறுமையாக இருப்பதில்லை. சில மணித்தியாலங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் வழுவழுப்பான படலம் அதன்மேற் படிகின்றது. அடுத்துப் பாசி வளர்கின்றது. பின்னர் பார்னக்கிள் எனப்படும் கூம்பு வடிவ ஓட்டுயிரிகள் வந்து, தாமே சுரக்கும் பசையினால் என்றென்றைக்குமாக ஒட்டிக்கொள்கின்றன. மரமாயின் இன்னொரு பகையும் உண்டு. கப்பற்புழு மரத்தின் மேற்பரப்பில் ஊசித்துளை அளவே இட்டு நுழைந்து, உள்ளே விரல் பருமனுக்கு வளர்ந்து பலகையைக் கூடாக்கிவிடும். வட ஐரோப்பியக் கடல்களில் குளிர்காலம் இவ்வுயிர்களின் பெருக்கத்தை ஓரளவு நிறுத்தி வைக்கும். பாக்கு நீரிணையில் அத்தகைய ஓய்வு கிடையாது. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும் நீரில் ஆண்டு முழுவதும் ஏதாவதொன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். பூச்சுத் தகரங்களில் "ஒரு பருவம் போதும்" என்று எழுதப்பட்டிருந்தால், அது யாருடைய கடலின் பருவம் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வல்வெட்டித்துறை மேத்திரிமார் இக்கடலை அறிந்தே கப்பல் கட்டினர். வேம்பு, இலுப்பை போன்ற மரங்களால் அவர்கள் கட்டிய கப்பல்கள் தென்னிந்தியத் துறைகளுக்கும், வங்காள விரிகுடாவைக் கடந்து பர்மாவுக்கும் சென்று வந்தன. அவற்றுள் பேர்பெற்றது 1930 இல் அங்கு கட்டப்பட்ட "அன்னபூரணி". 89 அடி நீளமான இக்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். இவர் 1928 முதல் 1931 வரை "ஸ்வாப்" என்ற 32 அடிச் சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர்; நல்ல கலம் எது என்று அறிந்தவர். அன்னபூரணிக்குத் தமது மனைவியின் பெயரால் "புளோரன்ஸ் சி. றொபின்சன்" என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் புறப்பட்ட அக்கப்பல் சூயஸ் கால்வாய், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக 1938 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையின் பெயர் அப்பயணத்தோடு நிலைத்துவிட்டது.

அக்கப்பல் புதிதன்று. இந்து சமுத்திரத்தில் ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் உழைத்த பின்னரே அத்தனை தூரம் ஓடியது. மரம் நல்லது, கட்டு நல்லது என்பதோடு மட்டும் இதற்கு விளக்கம் முடிவதில்லை. கட்டிய மரம் கெடாமற் பார்த்துக்கொண்ட ஒழுங்கும் அதிற் சேரும்.

அந்த ஒழுங்கு இந்து சமுத்திரக் கரைகள் அனைத்துக்கும் பொதுவானது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி சென்ற மார்க்கோ போலோ, ஹோர்முஸ் துறைமுகத்துக் கப்பல்களுக்கு மீனெண்ணெய் பூசப்படுவதைக் குறித்து வைத்துள்ளார். பலகைகளின் பொருத்துகளுக்கு இழையும் குங்கிலியமும் திணித்துக் கலப்பற்றுச் செய்வது ஒரு வேலை. நீர்மட்டத்துக்கு மேலே மீனெண்ணெய் ஏற்றுவது இன்னொரு வேலை. நீர்மட்டத்துக்குக் கீழே சுண்ணாம்பை எண்ணெயோடோ கொழுப்போடோ குழைத்துப் பூசுவது மூன்றாவது வேலை. சுண்ணாம்பும் கொழுப்பும் சேரும்போது நீரிற் கரையாத ஒருவகைச் சவர்க்காரம் உருவாகின்றது. அது மரத்தைப் புழுவிடமிருந்து மறைக்கும். மென்மையானது ஆதலால், அதன்மேல் ஒட்டிய உயிர்கள் சுரண்டும்போது பூச்சோடு சேர்ந்து கழன்று வந்துவிடும். மரம் தப்பும், பூச்சுப் போகும். போனதைத் திரும்பப் பூச வேண்டும்.

திரும்பப் பூசுவதற்குக் காலத்தையும் காற்றே வகுத்துக் கொடுத்தது. வாடைக் காற்றில் வடமராட்சியின் திறந்த கரை கொந்தளிக்கும். அப்போது கப்பல்கள் ஊர்காவற்றுறை போன்ற காப்பான துறைகளில் ஒதுங்கும், வள்ளங்கள் கரையேற்றப்படும். ஐரோப்பாவின் சில கரைகளில் வற்றுநீர் பல அடி இறங்கிக் கலத்தைத் தானாகவே தரையில் நிறுத்திவிடும். நமது கடலில் ஏற்றவற்றம் ஒரு மீற்றர் கூட இல்லை. ஆகவே மனிதர் கூடி இழுக்க வேண்டும், அல்லது கலத்தை ஒருபுறம் சாய்க்க வேண்டும். பூச்சின் ஆயுள் குறைவு என்பதை அவர்கள் ஒரு குறையாகக் கொள்ளவில்லை. அந்தக் குறைந்த ஆயுளுக்கு ஏற்பவே வேலையின் ஆண்டுச் சுற்று அமைந்திருந்தது.

ஐரோப்பியக் கடற்படைகள் வேறு வழியில் சென்றன. நீடித்து நிற்கும் காப்பைத் தேடின. 1761 இல் பிரித்தானியக் கடற்படை "அலார்ம்" என்ற போர்க்கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு அறைந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. புழு நுழையவில்லை, சிப்பியும் அதிகம் ஒட்டவில்லை. ஆனால் செம்பு பட்ட இடமெல்லாம் இரும்பாணி அரித்துப் போயிருந்தது. ஆணிகளைச் செப்புக் கலவைக்கு மாற்றிய பின்னரே அம்முறை நிலைத்தது.

செம்பும் கடல்நீரில் மெல்ல மெல்லக் கரைந்தது. இந்தச் செலவைத் தடுக்க விரும்பிய கடற்படை, புகழ்பெற்ற இரசாயனவியலாளர் சேர் ஹம்பிறி டேவியிடம் வழி கேட்டது. 1824 இல் அவர் வழி சொன்னார். செப்புத் தகட்டோடு இரும்பு அல்லது நாகத் துண்டுகளை இணைத்தால் அத்துண்டு தான் கரைந்து செம்பைக் காப்பாற்றும் என்றார். "சமராங்" உட்படச் சில கப்பல்களில் செய்து பார்த்தனர். டேவி சொன்னபடியே செம்பு கரையவில்லை. ஆனால் அந்தக் கரையாத செம்பின்மேல் பாசியும் பார்னக்கிளும் தாராளமாக வளர்ந்திருந்தன! சில ஆண்டுகளுக்குள் கடற்படை அம்முறையைக் கைவிட்டது.

டேவியின் தோல்வி உலகுக்கு ஓர் உண்மையைக் காட்டிச் சென்றது. செம்பு சிப்பியைத் தடுப்பது அது செம்பாக இருப்பதனால் அன்று, அது கரைவதனால். கரைந்து வெளியேறும் செம்பே ஒட்டவரும் குஞ்சுயிர்களை அழிக்கின்றது. கரைவது நின்றால் காப்பும் நின்றுவிடும். நிற்கும் பூச்சுக் காக்காது, காக்கும் பூச்சு நிற்காது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். பின்னர் இரும்புக் கப்பல்களுக்காக வந்த செப்பு நஞ்சுப் பூச்சுகள் யாவும் இந்த விதிக்குள்ளேயே இயங்கின.

இனி நமது கரைக்கு வருவோம். 1950 களின் இறுதியிலிருந்து அரசின் கடற்றொழில் திட்டங்களால் இயந்திரப் படகுகள் பரவின. 1956 இல் நோர்வே சென்ற யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியாலும் நோர்வே மக்களின் உதவியாலும் உருவான சீநோர் நிறுவனம், குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் காரைநகரில் படகுத் தளத்தையும் நடத்தியது. கண்ணாடியிழைப் படகு வந்தபின் கப்பற்புழுவின் அச்சம் ஒழிந்தது. புழுவுக்கு அதில் இரை இல்லை. பார்னக்கிளுக்கோ ஒட்ட ஓர் இடம் போதும், அது ஒழியவில்லை. அதற்கு ஒட்டிக்கொள்ள இயந்திர விசிறி என்ற புதிய இடமும் கிடைத்தது.

விசிறியின் தகடுகள் ஒப்பமாக இருந்தாலே நீரைச் சரியாகத் தள்ளும். அதில் சொரசொரப்பு ஏறினால் அதே வேகத்துக்கு அதிக எரிபொருள் வேண்டும். ஒருபக்கம் கூடுதலாக ஒட்டினால் அதிர்வு ஏற்பட்டுத் தண்டும் அதன் தாங்கிகளும் தேயும். உள்ளிணைப்பு இயந்திரப் படகுகளின் விசிறி பெரும்பாலும் வெண்கலத்தினாலானது; அதில் செம்பு உண்டு. செம்பிருந்தும் ஏன் சிப்பி ஒட்டுகின்றது என்று பலரும் கேட்பர். விடை 1824 இலேயே கிடைத்துவிட்டது. இக்கலவைகள் கரையாதிருப்பதற்கென்றே வார்க்கப்படுகின்றன. போதாததற்கு, அரிப்பைத் தடுக்கத் தண்டில் நாகத் துண்டும் பொருத்துகின்றோம். டேவி செய்ததையே நாமும் செய்கின்றோம். டேவிக்குக் கிடைத்ததே நமக்கும் கிடைக்கின்றது. உலோகம் காக்கப்படுகின்றது, சிப்பி வளர்கின்றது.

அப்படியாயின் படகின் அடிக்குப் பூசும் செப்புப் பூச்சையே விசிறிக்கும் பூசலாமே என்று தோன்றும். மென்மையான அப்பூச்சுச் சுழலும் தகட்டின் முனையிலும் முன்விளிம்பிலும் விரைவிற் கழுவப்பட்டுவிடும். விளிம்புதான் மிக வேகமாக நீரை வெட்டும் பகுதி. பூச்சு முதலில் போவதும் அங்கேதான். வெளியிணைப்பு இயந்திரமாயின் ஆபத்து வேறு. அதன் கீழ்ப்பகுதி அலுமினியம். செம்பு கலந்த பூச்சு அலுமினியத்தைத் தொட்டால், "அலார்ம்" கப்பலின் இரும்பாணிக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும். நல்ல வேளையாக, வெளியிணைப்பு இயந்திரத்தைக் கரைக்கு வந்ததும் தூக்கி நிறுத்திவிடலாம். நீரில் இல்லாத விசிறியில் எதுவும் ஒட்டாது. இதை விடச் சிறந்த பூச்சு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

நிற்கவும் வேண்டும், காக்கவும் வேண்டும் என்ற ஆசையை நிறைவேற்றியதாக ஒரு பூச்சு 1970 களில் வந்தது. ட்ரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்தது அது. தானே மெல்லிய படலமாகத் தேய்ந்து, ஒரே சீராக நஞ்சைக் கசிந்து, ஐந்தாண்டு வரை கப்பலைச் சுத்தமாக வைத்திருந்தது. கப்பல் முதலாளிகள் மகிழ்ந்தனர். ஆனால் பிரான்சின் ஆர்க்கஷோன் குடாவில் சிப்பி வளர்ப்போரின் தொழில் சரிந்தது. முளைச்சிப்பிகள் நிலைக்கவில்லை, வளர்ந்த சிப்பிகளின் ஓடுகள் தடித்துக் கோணின. பிரான்ஸ் 1982 இல் சிறு படகுகளுக்கு அப்பூச்சைத் தடைசெய்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் உடன்படிக்கை 2001 இல் ஏற்கப்பட்டு, 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. நீண்ட ஆயுளுக்கான விலையைக் கப்பற்காரர் கொடுக்கவில்லை. ஆழங்குறைந்த ஒரு குடாவின் எளிய தொழிலாளர் கொடுத்தனர். யாழ்ப்பாணக் கடல்நீரேரியும் ஆழங்குறைந்தது. கடலோடு குறுகிய வாய்களாலேயே இணைந்தது. நண்டும் இறாலும் கடலட்டையும் அதில் வாழ்கின்றன. அங்கே கசியும் எதுவும் எளிதில் வெளியேறிவிடாது.

இன்று விசிறிகளுக்கெனப் பரிந்துரைக்கப்படுபவை நஞ்சில்லாத சிலிக்கோன் பூச்சுகள். இவை எதையும் கொல்வதில்லை. இவற்றின் வழுவழுப்பில் சிப்பியின் பசை உறுதியாகப் பிடிப்பதில்லை. விசிறி சுழலும்போது ஒட்டியவை கழன்று விழுகின்றன. நன்றாகப் பூசினால் ஓரிரு ஆண்டுகள் பயன் தரும் என்பது பொதுவான அனுபவம். இதிலும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. உலோகத்தைப் பளிச்சென்று உராய்ஞ்சி, எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, குறித்த நேரத்துக்குள் அடுத்தடுத்த படைகளை இடவேண்டும். அதைவிட முக்கியமாக, படகு ஓடவேண்டும். ஓடாத படகின் சிலிக்கோன் வழுவழுப்பினால் பெரிதாகப் பயனில்லை. நமது களங்கண்ணிக் கம்புகளும் கயிறுகளும் மணல்மேடுகளும் அம்மென்மையான படலத்தைக் கீறும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படகு ஓட வேண்டும் என்ற நிபந்தனை, போர் கண்ட ஒரு குடாநாட்டில் சிறிய நிபந்தனை அன்று. 1990 இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். வடபுலத்தின் மிகச் செழிப்பான மீன்பிடித் துறைகளில் ஒன்றான அது 2017 ஜூலையில்தான் மீளத் திறந்தது. 27 ஆண்டுகள்! கடற்றடைகளால் கட்டிக்கிடந்த கலங்களை எந்தப் பூச்சும் காத்திராது. பின்னர் எல்லைதாண்டி வந்து பிடிபட்ட தமிழ்நாட்டுப் படகுகளின் கதையும் அதுவே. 2022 பெப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய இடங்களில் 105 படகுகள் ஏலத்துக்கு அறிவிக்கப்பட்டன. அவற்றிற் பல, நீண்டகாலம் அசையாது கிடந்து சிதைந்தவை.

எரிபொருளின் கணக்கும் உண்டு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தபோது, மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகுகள் பல கரையிலேயே நின்றன. அத்தகைய காலத்தில் விசிறியில் ஒட்டும் ஒரு கைப்பிடிச் சிப்பி ஒரு குடும்பத்தின் அன்றாட வருமானத்தில் கைவைக்கின்றது.

ஆகவே பூச்சு நிற்குமா என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை, எதுவும் நீண்டு நிற்பதில்லை என்பதே. செம்பு கரைந்தது, வெள்ளீயம் நின்றது, ஆனால் கடலைக் கெடுத்தது, சிலிக்கோன் தேய்கின்றது. பழைய சுண்ணாம்புப் பூச்சு எல்லாவற்றிலும் குறைந்த ஆயுள் கொண்டது. ஆயினும் அதைப் பூசியவர்கள் அடுத்த வாடையில் மீண்டும் பூச வேண்டும் என்று அறிந்திருந்தனர். அதற்கு ஆளும் நாளும் ஒதுக்கியிருந்தனர். இன்று தகரத்தில் வரும் பூச்சை வாங்குவோர் அதன் விலையை மட்டும் கணக்கிடாமல், படகைக் கரையேற்றும் நாட்களையும் கணக்கிடுவார்களானால், மேத்திரிமாரின் அறிவில் ஒரு பகுதியேனும் நம்மிடம் எஞ்சியிருக்கின்றது என்று சொல்லலாம். நமது இறங்குதுறைகளுக்குத் திட்டமிடுவோரும் மதகு, மின்விளக்கு, ஏலக் கூடம் ஆகியவற்றோடு படகுகளை எளிதாகக் கரையேற்றிச் சுரண்டிப் பூசுவதற்கு ஒரு சாய்தளத்தையும், கழித்த பூச்சைக் கடலிற் சேராது ஒதுக்குவதற்கு ஓர் இடத்தையும் மறவாது சேர்க்க வேண்டும். வல்வெட்டித்துறைக் கப்பல்களின் பெருமையைப் பேசும் நாம், அவற்றை ஓடவைத்த வேலையையும் பேணுவதே முறையாகும்.