வானவில் நாடாவில் இருபது பிழைகள்

உங்கள் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைக் கணிப்பொறித் திரையில் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயற்பியலுக்கு நேரே 23 என்று இருக்கிறது. நெஞ்சு பதறுகிறது. அதே பக்கத்தை மறுபடியும் திறக்கிறீர்கள். இப்போது 68 என்று இருக்கிறது. இரண்டில் எதை நம்புவீர்கள்?

இந்தக் கேள்வியோடுதான் ஒரு மாணவி ஒரு நாள் எங்கள் துறைக்கு வந்து நின்றாள். மதிப்பெண்களை இணையத்தில் காட்டுவதற்காகக் கணிப்பொறி அறிவியல் மாணவன் ஒருவன் ஜாவா மொழியில் எழுதிய வலைச் செயலி அது. அவனை அழைத்துக் கேட்டேன். “சார், என் கணிப்பொறியில் சரியாகத்தான் வருகிறது” என்றான். நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் வாழ்நாளில் ஒருமுறையாவது சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் இது!

நான் இயற்பியல் ஆசிரியன். ஆயினும் பிழை தேடுவது எங்களுக்கும் பழகிய வேலைதான். கால்வனாமீட்டரின் முள் அசையவில்லையென்றால், எந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று முனை முனையாகத் தொட்டுப் பார்க்கிறோம் அல்லவா? நிரலில் பிழை தேடுவதற்கும் அப்படிப்பட்ட முறைகள் உண்டு. அவற்றுள் முக்கியமானவை, கணிப்பொறி பிறந்த இரண்டொரு ஆண்டுகளுக்குள்ளேயே தோன்றிவிட்டன. அந்த 23-இன் மர்மத்தைப் பிறகு அவிழ்ப்போம். முதலில் அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

அந்துப்பூச்சியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணிப்பொறியில் ஒரு ரிலேயின் நடுவே அந்துப்பூச்சி ஒன்று சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, உண்மையான பூச்சியே அகப்பட்டுவிட்டது என்று வேடிக்கையாக ஒரு குறிப்பும் எழுதினார்கள். ‘பக்’ என்ற சொல் அன்றுதான் பிறந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியன்று. கருவிகளில் நேரும் கோளாறுகளை எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்தில் இதே சொல்லால் குறித்திருக்கிறார். பதிவேட்டில் எழுதியவர்களும் பழைய சொல்லை வைத்துத்தான் வேடிக்கை செய்தார்கள். மேலும், பூச்சியால் நின்றது கருவி. நிரல் எழுதிய மனிதனே செய்யும் பிழை வேறு வகை. அதன் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது.

படிக்கட்டில் தோன்றிய உண்மை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணிப்பொறி, 1949 மே 6-ஆம் நாள் முதன்முதலாக ஒரு நிரலை நிறைவேற்றியது. எண்களின் வர்க்கங்களை வரிசையாக அச்சிட்டது. ஏறக்குறைய 3000 வால்வுகள் கொண்டது அது. அதன் நினைவகம் பாதரசம் நிரம்பிய குழாய்கள்! மின்துடிப்பை ஒலித்துடிப்பாக மாற்றிப் பாதரசத்தின் வழியே செலுத்துவார்கள். மறுமுனையில் வந்து சேர்ந்ததை மீண்டும் முதல் முனைக்கே திருப்பி அனுப்புவார்கள். எண்கள் இவ்வாறு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒலியியல் பாடம் நடத்தும்போது இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

வர்க்க அட்டவணை எளிய கணக்கு. அடுத்து, வில்க்ஸ் கொஞ்சம் கடினமான கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார். அது வானவில்லோடு தொடர்புடையது. வானவில்லின் விளிம்பருகே ஒளியின் செறிவு எப்படி மாறுகிறது என்பதை விளக்க, வானியலறிஞர் ஏரி 1838-ல் ஒரு தொகையீட்டைக் கையாண்டார். அதன் மதிப்புகளைத் தரும் வகைக்கெழுச் சமன்பாட்டை எட்சாக்கைக் கொண்டு தீர்ப்பது வில்க்ஸின் நோக்கம். நிரலைக் காகித நாடாவில் துளைகளாகப் பதிக்க வேண்டும். துளையிடும் கருவிகள் ஒரு தளத்திலும் எட்சாக் வேறொரு தளத்திலும் இருந்தன. 1949 ஜூன் மாதத்தில் அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் வில்க்ஸுக்கு ஓர் உண்மை உறைத்தது. தம் எஞ்சிய வாழ்நாளில் நல்லதொரு பகுதி, தம் நிரல்களில் தாமே செய்த பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பதே அது. பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே இதை எழுதினார்.

அந்த நாடாக்களில் ஒன்று அழியாமல் கிடைத்தது. கணிப்பொறி வரலாற்று ஆய்வாளர் மார்ட்டின் கேம்பெல்-கெல்லி அதை ஆராய்ந்து 1992-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாடாவில் இருந்தவை 126 ஆணைகள். அவற்றில் ஏறக்குறைய இருபது பிழைகள்! எழுதியவர் கணிப்பொறியையே கட்டிய மேதை. முதல் நிரலில் பிழை வந்துவிட்டதே என்று முகம் வாடும் மாணவர்கள் இந்த இரு எண்களையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பிழையை எப்படித் தேடினார்கள்? தொடக்கத்தில், ஒவ்வோர் ஆணையாக நிறைவேற்றி, நினைவகத்தில் உள்ளதைக் காட்டும் திரையைக் கண்ணால் எட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். இருப்பதோ ஒரே கணிப்பொறி. எனவே ஸ்டான்லி கில் என்ற இளைஞர் வேறு வழிகளை வகுத்தார். 1951-ல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்த அவருடைய கட்டுரை, பிழை தேடுதலை ஒரு தனிக் கலையாகவே நடத்துகிறது. அதில் இரண்டு வழிகள் முக்கியமானவை. ஒன்று, நிரல் நின்றுபோன பின் நினைவகத்தில் இருப்பதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, இடத்தைக் காலி செய்துவிட்டு, மேசையில் அமர்ந்து ஆராய்வது. இதற்கு அவர்கள் வைத்த பெயரே ‘பிரேதப் பரிசோதனை’ என்பதுதான். மற்றொன்று, நிரல் ஓடும்போதே எந்தெந்த ஆணைகள் நிறைவேறுகின்றன என்பதை வரிசையாக அச்சிட்டுக்கொண்டே போவது. இது தடம் காணுதல்.

இதே குழுவில் இருந்த டேவிட் வீலர் மற்றொரு சிக்கலைத் தீர்த்தார். ஒரு துணை நிரலைப் பல இடங்களிலிருந்தும் அழைக்கலாம். வேலை முடிந்ததும் அது எந்த இடத்துக்குத் திரும்புவது? அழைக்கும்போதே, அழைத்த இடத்தின் முகவரியையும் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று வழி கண்டார் வீலர். பிற்காலத்தில் இந்தத் திரும்பும் முகவரிகளை, கழுவிய தட்டுகளை அடுக்குவதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் முறை வந்தது. இன்று ஜாவா நிரல் தடுக்கி விழும்போது திரையில் நீளமாகக் கொட்டுகிறதே, அந்த ‘ஸ்டேக் டிரேஸ்’ இந்த அடுக்கின் படம்தான்.

இல்லாத முகவரி

அந்த நீளச் செய்தியை வரவழைக்கும் காரணங்களுள் மிகப் பழகியது, ‘நல் பாயின்டர் எக்செப்ஷன்’ என்பதாகும். இதற்கும் ஒரு தந்தை உண்டு. 1965-ல் அல்கால் டபிள்யூ என்ற மொழியை வடிவமைத்தபோது, டோனி ஹோர் என்ற ஆங்கில அறிஞர், எதையுமே சுட்டாத சுட்டியை அதில் சேர்த்தார். விலாசம் எழுதாத உறை போன்றது அது. சேர்ப்பது எளிதாக இருந்தது, அதனால் சேர்த்துவிட்டேன் என்று 2009-ல் லண்டன் மாநாடு ஒன்றில் அவரே ஒப்புக்கொண்டார். அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்றும் சொன்னார். தவறை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அறிவியலறிஞர்கள் மிகச் சிலரே.

வலைச் செயலியில் இந்த வெற்று உறைக்குப் பஞ்சமே இல்லை. படிவத்தில் பயனர் பதிவெண்ணை நிரப்ப வேண்டிய இடத்தின் பெயரை நீங்கள் ஒன்றாக எழுதியிருப்பீர்கள். நிரல் வேறு பெயரில் கேட்கும். கிடைப்பது ‘நல்’. பயனர் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் அவருடைய அமர்வு காலாவதியாகியிருக்கும். அதில் வைத்திருந்த பெயரைக் கேட்டால் கிடைப்பதும் ‘நல்’தான். சி மொழி நிரல் இப்படிப்பட்ட சுட்டியைத் தொட்டால், பெரும்பாலும் ஒரே வரிச் செய்தியோடு முழுதாகச் செத்துவிடும். ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவருடைய குழுவினரும் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாக்கி 1995 மே 23-ல் அறிவித்த ஜாவா, அந்த இடத்தில் நிதானமாக நடந்துகொள்கிறது. சுட்டி வெறுமையாக இருந்தால் மேலே போகாமல் எக்செப்ஷனை எழுப்புகிறது. எங்கே விழுந்தேன், யார் அழைத்து அங்கே போனேன், அவரை அழைத்தவர் யார் என்று அடுக்கைப் பிரித்துக் காட்டுகிறது. அந்த ஒரு வேண்டுகோள்தான் கெடுகிறது. சர்வர் மற்றவர்களுக்குத் தொடர்ந்து பணி செய்கிறது. கெட்ட வேண்டுகோளுக்கு உரியவர் திரையில் 500 என்ற எண்ணைப் பார்க்கிறார். 1996 மே மாதம் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.0 ஆவணத்தில் சர்வரின் உள்கோளாறுக்கு அளிக்கப்பட்ட எண் அது.

இந்தச் செய்தியைப் படிக்க நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஐம்பது அறுபது வரிகள் இருக்கும். பெரும்பாலானவை டாம்கேட் போன்ற சர்வரின் உள்வரிகள். அவற்றை விட்டுவிடுங்கள். மேலிருந்து கீழே வந்து, நீங்கள் எழுதிய கிளாஸின் பெயர் முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள். பக்கத்தில் வரி எண்ணும் இருக்கும். இடையே ‘காஸ்டு பை’ என்று தொடங்கும் வரிகள் இருந்தால், கடைசியாக உள்ளதிலிருந்து தொடங்குவது நல்லது. மூல காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரே வரியில் நான்கு சுட்டிகள் இருந்தால் எது வெறுமை என்று தெரியாமல் வெகுகாலம் திண்டாடினார்கள். 2020 மார்ச்சில் வந்த ஜாவா 14, வெறுமையாக இருந்தது எது என்பதையும் சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது. ஹோர் அந்தச் சுட்டியைச் சேர்த்து அதற்குள் 55 ஆண்டுகள் ஆகிவிட்டன!

இவ்வளவு உதவி செய்யும் செய்தியைச் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எக்செப்ஷனைப் பிடித்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். திரை சுத்தமாகிவிடுகிறது. நோயாளி முனகாமலிருக்க வாயைப் பொத்துவது போன்ற வைத்தியம் இது. நான் சொன்ன மாணவனின் நிரலிலும் இப்படி மூன்று இடங்கள் இருந்தன.

சர்வரில் நடப்பதை யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே நிரல் தானே குறிப்பெழுத வேண்டும். அந்தக் குறிப்பேட்டுக்கு ‘லாக்’ என்று பெயர். கப்பலின் வேகத்தை அறியக் கடலில் எறிந்த மரத்துண்டின் பெயர் அது. கப்பலின் நாட்குறிப்புக்கு வந்து, அங்கிருந்து கணிப்பொறிக்கு வந்து சேர்ந்தது. பிழை தேடும் கருவியே பிழையானதும் உண்டு. ஜாவா உலகில் மிகப் பரவலாகப் பயன்பட்ட லாக்4ஜே தொகுப்பில் 2013-ல் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. குறித்து வைக்க வேண்டிய வாசகத்தில் ஒரு குறிப்பிட்ட வடிவம் இருந்தால், அதை வெறும் வாசகமாக எழுதாமல், ஆணையாக எடுத்துக்கொண்டு வேறொரு கணிப்பொறியிலிருந்து நிரலைக் கொண்டுவந்து ஓட்டவும் அதனால் முடிந்தது. பெயர் கேட்கும் கட்டத்தில் எவரோ அந்த வாசகத்தைத் தட்டினால் போதும், சர்வர் அவர் வசமாகிவிடும்! அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு இதைக் கண்டு 2021 நவம்பர் 24-ல் தெரிவித்தது. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் செய்தி உலகெங்கும் பரவியது. அபாய அளவுகோலில் அதற்குக் கிடைத்தது பத்துக்குப் பத்து. எட்டு ஆண்டுகளாக அந்தக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது.

போரும் ஹைசன்பர்கும்

இனி அந்த 23. இங்கே எக்செப்ஷன் இல்லை, 500 இல்லை, தடம் எதுவுமே இல்லை. மாணவன் தனியாகச் சோதித்தபோதெல்லாம் 68 என்றே வந்தது. நடுநடுவே அச்சிடும் வரிகளைச் சேர்த்து, நான்கைந்து நண்பர்களையும் பக்கத்தைத் திறக்கச் சொன்னோம். அப்போதும் தவறு வரவில்லை. வரிகளை எடுத்ததும் மறுநாள் தலைகாட்டியது.

இத்தகைய பிழைக்கு ஒரு பெயர் உண்டு என்று அறிந்தபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. டான்டம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே, கணிப்பொறிகள் ஏன் நின்றுபோகின்றன என்பது பற்றி 1985-ல் ஓர் அறிக்கை எழுதினார். எத்தனை முறை ஓட்டினாலும் அதே இடத்தில் வருவது ‘போர்பக்’. போரின் அணுவைப்போலத் திடமானது. பார்க்க முயன்றதும் மறைவது ‘ஹைசன்பக்’. (பார்ப்பதால் மாறுவது வேறு, ஹைசன்பர்கின் நிலையின்மைக் கோட்பாடு வேறு. தேர்வில் இதை எழுதிவிடாதீர்கள்!) அச்சிடும் வரிகள் நிரலின் வேகத்தைச் சற்றே மாற்றுகின்றன. நேரப் பொருத்தத்தால் வரும் பிழை அதனால் ஒளிந்துகொள்கிறது.

சர்வர் தானாகவே எழுதிவந்த பதிவைப் பார்த்தோம். மாணவி 23-ஐக் கண்ட நேரத்தில், அதே விநாடியில் வேறொரு மாணவனின் வேண்டுகோளும் வந்திருந்தது. அதற்குப் பின் தேடல் எளிதாகிவிட்டது.

காரணமும் வரலாற்றில்தான் இருக்கிறது. 1993-ல் தோன்றிய சி.ஜி.ஐ. முறையில், ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் நிரலின் புதிய பிரதி ஒன்று தொடங்கி, பதில் தந்து, முடிந்துபோகும். கூட்டம் சேர்ந்தால் சர்வர் திணறும். 1997-ல் வந்த ஜாவா சர்வ்லெட் முறை இதை மாற்றியது. ஒரே ஒரு சர்வ்லெட் பொருள் நினைவகத்திலேயே தங்கியிருக்கும். பல இழைகள் ஒரே நேரத்தில் அதற்குள் புகுந்து வேலை செய்யும். வேகம் கூடியது. ஆனால் அந்தப் பொருளின் உறுப்பாக எதை வைத்தாலும் அது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. நம் மாணவன் பதிவெண்ணை அங்கேதான் வைத்திருந்தான். ஆய்வகத்தில் ஒரே நோட்டின் ஒரே பக்கத்தில் இருவர் அளவீடுகளை எழுதுவது போன்றதுதான் இது. மாணவியின் எண்ணை எழுதிய கணத்துக்கும், அதைப் படித்து மதிப்பெண்ணைத் தேடிய கணத்துக்கும் இடையே, மற்றவனின் எண் அதன்மேல் எழுதப்பட்டுவிட்டது.

அந்த மாறியை அவன் மெத்தடுக்குள் நகர்த்தினான். ஒரே வரி. வெறுமையாக விட்டிருந்த மூன்று இடங்களிலும் பிழையைப் பதிவேட்டில் எழுதும் வரிகளைச் சேர்த்தான். பிறகு இருபது பேரை ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறக்கச் சொல்லிப் பலமுறை பார்த்தோம். அந்த மாணவியின் மதிப்பெண் 68-தான். 23 யாருடையது என்று அவள் கேட்டாள். நான் சொல்லவில்லை.