நாசாவின் பெட்டி வேன் சோதனைகள்

நாசாவின் பெட்டி வேன் சோதனைகள் என்பவை, சரக்கு வாகனங்கள் மீதான காற்றின் இழுவிசையைக் குறைக்கும் வழிகளை அறிய 1970களில் நடத்தப்பட்ட சாலைச் சோதனைகள் ஆகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், எட்வர்ட்ஸ் வான்படைத் தளத்தில் உள்ள நாசாவின் பறப்பு ஆய்வு மையம் இவற்றை நடத்தியது. அம்மையம் இன்று ஆம்ஸ்ட்ராங் பறப்பு ஆய்வு மையம் எனப்படுகிறது.

பின்னணி

அங்குப் பணியாற்றிய பொறியாளர் எட்வின் சால்ட்ஸ்மேன் மிதிவண்டியில் செல்லும்போது, கடந்து போகும் பெரிய லாரிகளின் காற்று முதலில் தம்மைச் சாலையோரம் தள்ளுவதையும், பின்னர் லாரியின் பக்கம் இழுப்பதையும் கவனித்தார். இவ்வளவு காற்றைக் கலைக்க லாரி எவ்வளவு எரிபொருளைச் செலவிடுகிறது என்ற கேள்வி எழுந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை அக்கேள்வியை அவசரமாக்கியது.

சோதனை முறை

ஃபோர்டு வேன் ஒன்று அலுமினியத் தகடுகளால் மூடப்பட்டு, கூரிய விளிம்புகள் கொண்ட பெட்டியாக மாற்றப்பட்டது. தோற்றத்தை வைத்து அதைச் ‘ஷூ பாக்ஸ்’ என்றனர். குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் எஞ்சினின் விசையைத் துண்டித்து, வண்டியைத் தானாக உருள விட்டனர். வேகம் குறைய ஆகும் நேரத்திலிருந்து மொத்தத் தடை கணக்கிடப்பட்டது. அதிலிருந்து டயர் முதலியவற்றின் உராய்வைக் கழித்தால் காற்றின் இழுவிசை கிடைக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இதே சோதனை திரும்பச் செய்யப்பட்டது.

முடிவுகள்

கூரிய விளிம்பில் காற்றால் வளைந்து செல்ல இயலாது. அது சுவரை விட்டுப் பிரிந்து சுழல்களாகி, வண்டியின் ஆற்றலை உறிஞ்சுகிறது. செங்குத்து விளிம்புகளை மட்டும் வளைவாக்கியபோது இழுவிசை 40 விழுக்காடு குறைந்தது. கிடைமட்ட விளிம்புகளையும் வளைவாக்கியபோது இக்குறைவு 54 விழுக்காடானது. சரக்கு ஏற்றும் இடத்தை இழக்க லாரி உரிமையாளர்கள் விரும்பமாட்டார்கள் என்பதால் இதன் விலையும் அளக்கப்பட்டது. முதல் மாற்றத்தால் உட்புறக் கொள்ளளவில் 1.3 விழுக்காடும், இரண்டாவதால் 3 விழுக்காடும் மட்டுமே குறைந்தன. அடுத்த கட்டத்தில் அடிப்பகுதி மூடப்பட்டது. பின்புறத்தில் படகின் பின்பகுதி போலக் குறுகிச் செல்லும் கூடு பொருத்தப்பட்டது. இக்கூட்டால் இழுவிசை மேலும் சுமார் 15 விழுக்காடு குறைந்தது.

தாக்கம்

இதன் தொடர்ச்சியாக உண்மையான லாரிகளிலும் சோதனைகள் நடந்தன. ஓட்டுநர் அறையின் விளிம்புகளை வளைவாக்கி, கூரையில் காற்றுத் தடுப்பு அமைத்து, அறைக்கும் சரக்குப் பெட்டிக்கும் இடையிலான இடைவெளியின் பக்கங்களையும் மூடினர். இத்தகைய மாற்றங்களால் நெடுஞ்சாலை வேகத்தில் எரிபொருள் செலவு 20 முதல் 25 விழுக்காடு வரை குறையும் என நாசா மதிப்பிட்டது. இன்று நெடுஞ்சாலைகளில் காணும் லாரிகளின் வளைந்த முகப்பிலும் கூரைத் தடுப்பிலும் இச்சோதனைகளின் பாடம் தெரிகிறது.