மருந்தும் குண்டும்: வாய்வழி வேட்டைத் துப்பாக்கியின் அளவைச் சொற்கள் – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலும் இலங்கையிலும் தங்கியிருந்த ஆங்கிலேயர் எழுதிய வேட்டை நூல்கள் இன்று வரலாற்று ஆவணங்களாகப் பயில்கின்றன. காடுகளின் பரப்பு, விலங்கினங்களின் பெருக்கம், மலைவாழ் மக்களின் வாழ்க்கை ஆகியன குறித்த செய்திகளை அவற்றிலிருந்து தொகுத்துக்கொள்ள இயலும். இந்நூல்களைத் தமிழாக்க முற்படுவோர், துப்பாக்கிக்கு இட்ட மருந்தின் அளவும் குண்டின் எடையும் குறிக்கப்பெறும் இடங்களில் தயங்குவது இயல்பு. சிலர் அப்பகுதியைச் சுருக்கிவிடுகின்றனர். சிலர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அலகை அண்மைக் காலத்து அலகாக மாற்றிவிடுகின்றனர்.

அவ்வெண்கள் வெறும் விவரங்கள் அல்ல. மருந்து எவ்வளவு, குண்டு எவ்வளவு என்பது அக்காலத்தில் பெரும் வாதத்திற்குரிய பொருளாக இருந்தது. ஒவ்வோர் எண்ணும் அவ்வாதத்தில் ஒரு தரப்பின் கூற்று. மேலும், அவ்வெண்களைத் தாங்கிய அலகுச் சொற்கள் காலப்போக்கில் பொருள் மாறின. சொல் மாறாமலே அது சுட்டும் பொருள் மாறியது. இவ்விரண்டையும் வரலாற்று முறையில் விளக்கி, மொழிபெயர்ப்பில் அவற்றைக் கையாளும் நெறியைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கெட்டித்தலும் அதன் சொற்களும்

குழலின் வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இட்டுக் கோலால் இடித்து இறுக்கும் துப்பாக்கியே ஈண்டு 'வாய்வழித் துப்பாக்கி' எனப்படுகிறது. தமிழகத்தில் 'நாட்டுத் துப்பாக்கி' என வழங்குவதும் பெரும்பாலும் இவ்வகையினதே. இவ்வாறு இட்டு இறுக்கும் வினையைத் தமிழில் 'கெட்டித்தல்' என்பர். கெட்டி என்னும் சொல் இறுக்கத்தைக் குறிப்பதால் செயலின் தன்மையே பெயராயிற்று.

இத்துறைச் சொற்கள் தமிழில் பல வாயில்களின் வழியே வந்து கலந்தவை. துப்பாக்கி என்பது துருக்கிய மூலமுடையது; தோட்டா இந்துஸ்தானி வழியே வந்தது; மருந்து, குண்டு ஆகியவை தமிழ்ச் சொற்கள். நோய் தீர்க்கும் பொருளைக் குறித்த மருந்து என்னும் சொல், வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றையும் அரைத்துக் கலந்த கலவையையும் குறிக்கலாயிற்று. இக்கலவையில் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 விழுக்காடு அமைவது பிற்காலத்தில் நிலைபெற்ற அளவாகும். ரவை என்பதும் கருதத்தக்கது. நொறுங்கிய தானியத்தைக் குறிக்கும் அச்சொல் சிறுகுண்டுகளையும் குறிக்கும். ஆங்கிலத்தில் 'கிரெயின்' என்னும் சொல்லும் தானியத்திலிருந்து தொடங்கிப் படைக்கலத் துறைக்குள் வந்துள்ளது. ஆயினும் அது வேறு வழியில் வந்தது என்பது பின்னர் விளக்கப்படும்.

3. உருண்டைக் குண்டும் காற்றின் தடையும்

தொடக்கக் கால வேட்டைக்காரரிடம் தராசு இல்லை. வட அமெரிக்காவின் எல்லைப்புறக் குடியேறிகளிடையே ஒரு நடைமுறை வழங்கியது. உள்ளங்கையில் ஈயக் குண்டை வைத்து, அது மறையும் வரை மருந்தைக் கொட்டுவர்; அதுவே ஒரு முறை சுடுவதற்குரிய அளவு. பின்னர் அவ்வளவு மருந்தைக் கொள்ளும் வகையில் கொம்பின் நுனியையோ எலும்பையோ குடைந்து அளவைக் கிண்ணம் செய்துகொள்வர். இங்கு அளவு என்பது எடையன்று, கொள்ளளவு. மருந்தின் அளவு தனியே நிற்பதில்லை, குண்டோடு ஒப்பிட்டே கூறப்படுகிறது.

இவ்வனுபவ அறிவுக்கு அறிவியல் அடிப்படை தந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் வெளியான அவரது பீரங்கியியல் நூல், ஊசலில் குண்டைப் பாய்ச்சி அதன் வேகத்தைக் கணக்கிடும் முறையை விளக்கியது. வினாடிக்கு ஏறத்தாழ 1,700 அடி வேகத்தில் செல்லும் குண்டைக் காற்று எதிர்க்கும் விசை, அக்குண்டின் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்டது என அவர் காட்டினார். உட்புறத்தில் வரிப்பள்ளம் வெட்டிய குழலின் மேன்மையை 1747இல் எடுத்துரைத்தவரும் அவரே. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராகத் தமிழகம் வந்த ராபின்ஸ், 1751இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

ராபின்ஸின் முடிவிலிருந்து பெறப்படுவது யாது? உருண்டைக் குண்டு எவ்வளவு விரைவாகக் கிளம்புகிறதோ அவ்வளவு விரைவாக வேகத்தை இழக்கும். ஆதலின் மருந்தை மிகுதியாக்கிக்கொண்டே போவதால் கிடைக்கும் பயன் படிப்படியே குறையும். மாறாக, குண்டின் விட்டத்தை இருமடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகும். காற்றை எதிர்கொள்ளும் பரப்போ நான்கு மடங்கே ஆகும். எனவே பெரிய குண்டே வேகத்தை நெடிது காக்கும். பெருவிலங்கு வேட்டைக்குப் பெருங்குழல் துப்பாக்கியை நாடியதன் காரணம் இதுவே.

4. முறுக்கும் மருந்தும்

வரிப்பள்ளமுள்ள குழலைக் கொண்ட துப்பாக்கியே ரைபிள். பள்ளங்கள் குழலினுள் சுற்றிச் செல்வதை 'முறுக்கு' எனலாம். 48 அங்குலத்தில் ஒரு சுற்று என்பது, 104 அங்குலத்தில் ஒரு சுற்று என்பதைவிடக் கடுமையான முறுக்கு. குழல்வாயைவிடச் சற்றே சிறிய உருண்டையை எண்ணெய் தோய்ந்த துணியில் பொதிந்து உள்ளே செலுத்துவர். பள்ளங்களைப் பற்றிக்கொள்வது துணி. துணி உருண்டையைச் சுழற்றுகிறது.

இங்கு மூன்று கூறுகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. முறுக்குக் கடுமையாக இருந்து மருந்தும் மிகுந்தால், உருண்டை பள்ளத்தின் வழியே சுழலாமல் அதைத் தாண்டி நேரே வழுக்கிச் செல்லும், குறி தவறும். ஆகவே மருந்தை மிகுக்க விரும்புவோர் முறுக்கைத் தளர்த்த வேண்டும். இவ்வுறவை அறியாத மொழிபெயர்ப்பாளர், முறுக்கைப் பற்றிய வாக்கியத்தைத் தச்சு நுணுக்கம் எனக் கருதி நீக்கிவிட்டால், அடுத்துவரும் மருந்தளவுக்குக் காரணம் இல்லாமல் போகும்.

மருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி திடக் கசடாகவும் புகையாகவும் எஞ்சுகிறது. சில முறை சுட்டதும் கசடு படிந்து குழல் குறுகும். இறுக்கமான குண்டு உள்ளே இறங்காது. போர்க்களத்தில் இது பெருங்குறை. இதற்குத் தீர்வாக, எளிதில் இறங்கிச் சுடும்போது அடிப்பகுதி விரிந்து பள்ளத்தைப் பற்றும் நீள்குண்டை 1849இல் பிரெஞ்சுக்காரர் மினியே உருவாக்கினார். இதற்கு முன்னரே ஆங்கிலப் படையின் நார்ட்டன் இத்தகைய குண்டைச் செய்ததாகவும், தென்னிந்தியாவில் ஊதுகுழல் அம்பின் அடியில் இருந்த நெட்டி, ஊதும்போது விரிந்து குழலை அடைப்பதைக் கண்டே அவருக்கு அவ்வெண்ணம் தோன்றியதாகவும் கூறுவர்.

ஆங்கிலப் படையின் 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைபிள் இவ்வழியில் வந்தது. அதன் குண்டு 530 கிரெயின். மருந்து இரண்டரை டிராம். முறுக்கு 78 அங்குலத்தில் ஒரு சுற்று. குண்டைச் சூழ்ந்த தாளில் பூசிய கொழுப்பு பசு, பன்றி ஆகியவற்றினது என்ற செய்தி 1857இல் சிப்பாய்களிடையே கொதிப்பை உண்டாக்கியது யாவரும் அறிந்ததே. அங்குக் கூறப்படும் 'தோட்டா', மருந்தும் குண்டும் அடங்கிய தாள் குழாயேயன்றி இன்றைய பித்தளைக் கூடன்று. பல்லால் கடித்துத் தாளைக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டிக் குண்டைக் கெட்டிக்க வேண்டும். தோட்டா என்ற சொல்லுக்கு இன்றைய பொருளைக் கொள்ளும் வாசகனுக்கு, கடிப்பது ஏன் என்பது விளங்காது.

5. வேட்டைக்காரரின் மறுப்பு

போருக்கு ஏற்றது வேட்டைக்கும் ஏற்றதா என்பதே அடுத்து எழுந்த வாதம். இலங்கையில் பல ஆண்டுகள் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 1840இல் தாம் வடிவமைத்துப் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரிடம் செய்வித்த ரைபிளைப் பற்றி 1890இல் வெளியிட்ட நூலில் விவரிக்கிறார். அதன் எடை 21 பவுண்டு. உருண்டைக் குண்டு 3 அவுன்சு; மருந்து 16 டிராம். குண்டைச் சுற்றிக் கச்சைபோல் ஒரு புடைப்பு உண்டு. அது குழலின் இரு பள்ளங்களில் பொருந்துவதால் மிகுந்த மருந்திலும் குண்டு வழுக்காது.

வங்காளப் படைப்பிரிவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபோர்சைத் 1863இல் வெளியிட்ட வேட்டை ரைபிள் பற்றிய நூல் இவ்வாதத்தை முறைப்படுத்தியது. மத்திய இந்தியக் காடுகளைப் பற்றி 1871இல் வெளியான நூலின் ஆசிரியரும் இவரே. (வெடியதிர்வால் தீப்பற்றும் விசையமைப்புக்கு 1807இல் காப்புரிமை பெற்ற அலெக்சாந்தர் ஃபோர்சைத் வேறொருவர், அவர் ஸ்காத்லாந்துப் பாதிரியார். இருவரையும் ஒருவராகக் கொள்ளலாகாது.) இந்தியக் காட்டில் விலங்கு அண்மையில், பெரும்பாலும் ஓடும் நிலையில், நொடிப்பொழுதே தென்படும். தொலைவைக் கணிக்க நேரமில்லை. வளைந்து செல்லும் நீள்குண்டு, தொலைவு சற்றே பிழைத்தாலும் மேலோ கீழோ செல்லும். ஆகவே நேராகப் பாய்ந்து பெருங்காயம் விளைக்கும் பெரிய உருண்டையும் மிகுந்த மருந்தும் தளர்ந்த முறுக்கும் வேண்டும் என்பது அவர் முடிவு. 14 போர் ரைபிளுக்கு 104 அங்குலத்தில் ஒரு சுற்றையும் 5 டிராம் மருந்தையும் அவர் பரிந்துரைத்தார்.

இம்மூன்றையும் ஒரே அலகில் நோக்கினால் வாதத்தின் வடிவம் புலனாகும். பேக்கரின் மருந்து 437, குண்டு 1,312 கிரெயின். விகிதம் ஒன்றுக்கு மூன்று. ஃபோர்சைத்தின் மருந்து 137, குண்டு 500 கிரெயின். ஒன்றுக்கு மூன்றரைக்கு மேல். என்ஃபீல்டின் மருந்து 68, குண்டு 530 கிரெயின். ஒன்றுக்கு ஏறத்தாழ எட்டு. ஃபோர்சைத்தின் குண்டும் என்ஃபீல்டின் குண்டும் எடையில் ஏறக்குறைய ஒன்றே. மருந்து மட்டும் இருமடங்கு. காயமுற்ற புலி புதருக்குள் மறைந்தால், அதைத் தேடிச் செல்பவனுக்கும் அவ்வழியே விறகெடுக்கச் செல்பவனுக்கும் அது உயிர்ப் பிரச்சினை. 'அரைகுறைக் காயம்' என்பதைத் தவிர்ப்பதே இவ்வெண்களின் பின்னுள்ள கவலையாகும்.

6. அலகுச் சொற்களின் பொருள் மாற்றம்

இனி அலகுகளைத் தனித்தனியே நோக்குவோம்.

(அ) கிரெயின்: ஒரு பவுண்டில் 7,000 பங்கு, ஏறத்தாழ 65 மில்லிகிராம். ஆங்கில நூல்களில் இதன் குறுக்கம், கிராம் என்பதன் குறுக்கம்போல் தோன்றுவதுண்டு. 70 கிரெயினை 70 கிராம் எனக் கொண்டால் மருந்து பதினைந்து மடங்குக்கு மேலாகும். நம் மரபிலும் விதைகள் எடைக்கற்களாக இருந்தமையால், கிரெயினைக் குன்றிமணி எனப் பெயர்ப்பது கவர்ச்சியாகத் தோன்றலாம். ஆயின் குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின், அளவு இருமடங்காகிவிடும். தவிர, மருந்துத் துகளின் பருமனைச் சுட்டவும் அதே ஆங்கிலச் சொல் வரும். 'நுண்கிரெயின் மருந்து' என்பது எடையைக் குறிப்பதன்று. விரைந்து எரியும் பொடித் துகளைக் குறிப்பது.

(ஆ) டிராம்: அவுன்சில் பதினாறில் ஒன்று, 27.34 கிரெயின். மருந்துக் கடைக்காரரின் டிராமோ 60 கிரெயின். பெயர் ஒன்றே. அகராதியில் முதலில் காணும் பொருளை ஏற்றால் ஃபோர்சைத்தின் 8.9 கிராம் மருந்து 19 கிராமுக்கு மேலாகிவிடும். புகையில்லா மருந்து வந்தபின் இச்சொல் மேலும் மாறியது. சிறுகுண்டுத் தோட்டாக்களின் மேல் 'டிராம் நிகர்' என அச்சிடப்பட்டது. அது உள்ளிருக்கும் மருந்தின் எடையன்று. அத்தனை டிராம் கரும்மருந்து தரும் வேகத்திற்கு நிகர் என்பதே பொருள்.

(இ) போர்: குழலின் வாய்க்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை என்பதே இவ்வெண். ஆதலின் எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும். 4 போர், 12 போரினும் பெரிது. இதனை 'அளவு 4' எனப் பெயர்த்தால் வாசகன் நேர்மாறாகக் கொள்வான்.

(ஈ) மருந்து: 1880களின் நடுப்பகுதியில் புகையில்லா மருந்து தோன்றும் வரை ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே பொருளைக் குறித்தன. அதன்பின் அடை இன்றியமையாததாயிற்று. கரும்மருந்துக்கென்று செய்த வாய்வழிக் குழலில் அதே அளவு புகையில்லா மருந்தை இட்டால் குழல் வெடித்துச் சிதறும். கையும் கண்ணும் போகும். 1970களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பைரோடெக்ஸ் என்னும் மாற்று மருந்தின் நிலை வேறு. அது கரும்மருந்தைவிட எடை குறைந்தது; ஆகவே எடையால் அன்றிக் கரும்மருந்துக்கான கிண்ணத்தின் கொள்ளளவாலேயே அளக்கப்படுகிறது. ஆயினும் அதன் அளவும் 'கிரெயின்' என்றே சொல்லப்படுகிறது. உள்ளங்கையில் தொடங்கிய கொள்ளளவு முறை, எடைச் சொல்லின் போர்வையில் மீண்டு வந்துள்ளது எனலாம்.

7. மொழிபெயர்ப்பு நெறி

மேற்கண்டவற்றால் பெறப்படும் நெறிகள் வருமாறு. முதலாவதாக, மூலத்தின் அலகை ஒலிபெயர்த்து அப்படியே வைத்து, முதல் வருகையில் அதன் மதிப்பைக் கிராமில் தருதல் வேண்டும். மூல எண்ணை நீக்கிவிட்டு மாற்றிய எண்ணை மட்டும் தருவது, பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லாமல் செய்துவிடும். இரண்டாவதாக, மருந்தளவு, குண்டின் எடை, முறுக்கு ஆகிய மூன்றும் ஒரு தொடரில் வந்தால் மூன்றையும் காத்தல் வேண்டும். மூன்றாவதாக, மருந்து, தோட்டா ஆகிய சொற்களுக்கு நூலின் காலத்திற்கேற்ற அடை தருதல் வேண்டும். நான்காவதாக, மாற்றிய அளவைக் குண்டின் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. கரும்மருந்து குண்டின் எடையில் பாதியைத் தாண்டுமாயின் மாற்றத்தில் பிழை நேர்ந்துள்ளதா என ஐயுறுதல் தகும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ள நம் நாட்டில் இவ்வாய்வு எதற்கு என வினவலாம். நாட்டுத் துப்பாக்கி தொடர்பான வழக்குகளில் தடய அறிவியல் அறிக்கைகள் நீதிமன்றத்திற்கு வருகின்றன. அவற்றைத் தமிழில் தருபவர் ரவைக்கும் குண்டுக்கும், கிரெயினுக்கும் கிராமுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிழைத்தால், தீங்கு நூலோடு நிற்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரையும் அது சாரும்.

8. முடிவுரை

வாய்வழித் துப்பாக்கிக்கு மருந்தும் குண்டும் தேர்ந்த வரலாறு, உள்ளங்கை அளவில் தொடங்கி விகிதம் பற்றிய வாதமாக வளர்ந்து, மீண்டும் கிண்ண அளவில் வந்து நிற்கிறது. இவ்வரலாறு நெடுகிலும் டிராம், கிரெயின், மருந்து, தோட்டா என்னும் சொற்கள் மாறாதிருக்க, அவை சுட்டும் பொருள்கள் மாறிவந்தன. கலைச்சொல் அகராதிகள் இத்தகைய சொற்களுக்கு நிகர்ச்சொல் தருவதோடு நில்லாது, எந்தக் காலம், எந்தத் துறை, எடையா கொள்ளளவா என்னும் குறிப்புகளையும் உடன் தருமாயின் மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் துணையாகும்.