பால் டின் இன்ஜின் ஏன் ஓடவில்லை?



போன மாதம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். இப்போது கோயம்புத்தூரில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. குடும்பம், பிள்ளைகள், மழை எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டான்: "சார், எட்டாம் வகுப்பில் நான் செய்த பால் டின் இன்ஜின் ஏன் சார் ஓடவில்லை? இப்பவாவது சொல்லுங்கள்."

எனக்குப் பதில் தெரியவில்லை. 'படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்றேன். இரண்டு வாரமாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அப்படிப் போய் நின்ற இடம் நூறு ஆண்டுக்கு முந்தைய இங்கிலாந்து. நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவன்தான், இன்ஜினியர் அல்ல. தவறு இருந்தால் பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகள் திருத்துங்கள்.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே பித்தளையில் சின்ன நீராவி இன்ஜின் பொம்மைகள் விற்றார்கள். தண்டவாளம் கிடையாது, வீட்டுத் தரையிலேயே ஓடும். அடியில் ஸ்பிரிட் விளக்கு, மேலே ஒரு பித்தளைப் பானை, அதுதான் பாய்லர். ஓடும்போது சிலிண்டரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். அதனால் மக்கள் அதற்கு வைத்த பெயர் 'பர்மிங்ஹாம் டிரிப்ளர்', அதாவது சொட்டுப் போடுகிறவன். எச்சில் ஒழுகும் கைக்குழந்தையையும் அவர்கள் அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். கம்பளத்தில் தண்ணீரோடு சில சமயம் எரியும் ஸ்பிரிட்டும் சொட்டியிருக்கிறது. அம்மாக்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1898இல் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 'மாடல் இன்ஜினியர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதே காலத்தில் நார்தாம்ப்டன் நகரில் பாசெட்-லோக் என்பவர் மாதிரி ரயில்கள் விற்கும் நிறுவனம் நடத்தினார். அவருக்கு இன்ஜின் வரைந்து கொடுத்தவர் ஹென்றி கிரீன்லி. கிரீன்லி சாதாரண ஆள் இல்லை. 15 அங்குல அகலத் தண்டவாளத்தில் ஆட்களை ஏற்றிச் செல்லும் ராம்னி, ஹைத், டிம்சர்ச் ரயில்வேக்கு இன்ஜின் வடிவமைத்தவர் அவர். 1927இல் திறந்த அந்த ரயில் இன்றும் ஓடுகிறது.

சிக்கல் வந்தது அதைவிடச் சிறிய இன்ஜின்களில்தான். இரண்டரை அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் இன்ஜினுக்கு ஸ்பிரிட் விளக்குதான் சரி, நிஜ இன்ஜின் போல நிலக்கரி போட்டு எரிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது அப்போது பெரியவர்களின் முடிவு. ஆனால் அந்த ஸ்பிரிட் இன்ஜின்களை நம்ப முடியாது. காற்றடித்தால் சுடர் சாயும், தன் பெட்டிகளை இழுக்கவே முக்கும், மேட்டில் நின்றுவிடும்.

இதை எதிர்த்து எழுதியவர் தன் பெயரை 'எல்.பி.எஸ்.சி.' என்று மட்டும் போட்டுக்கொண்டார். நண்பர்கள் வட்டத்தில் கர்லி லாரன்ஸ். இளம் வயதில் லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அந்த ரயில்வேயின் முதல் எழுத்துகளையே புனைபெயராக்கிக்கொண்டார். வேலை பார்த்த இடத்தைத் தன் பெயராகவே வைத்துக்கொள்ளும் மனிதர் எனக்கு உடனே பிடித்துப்போனார்.

1922 முதல் 1924 வரை 'மாடல் இன்ஜினியர்' பக்கங்களில் இந்தச் சண்டை நடந்தது. இன்றும் அதை 'பாய்லர் போர்' என்றுதான் சொல்கிறார்கள். லாரன்ஸ் வெறும் வாதத்தோடு நிற்கவில்லை. 'ஆயிஷா' என்ற இரண்டரை அங்குல இன்ஜினைத் தானே செய்து வைத்திருந்தார். நிலக்கரியில் ஓடுவது. 1924இல் லண்டன் கண்காட்சியில் எல்லோர் கண் முன்னாலும் அது பெரிய ஆட்களை உட்கார வைத்து இழுத்தது. மடியில் வைத்துத் தூக்கிப் போகக்கூடிய இன்ஜின், வளர்ந்த மனிதனை இழுத்தது! சண்டை அத்தோடு முடிந்தது.

இனி கணக்கு. என் மாணவர்கள் யாரும் நழுவ வேண்டாம்.

நிஜத் தண்டவாளத்தின் அகலம் அங்கே 4 அடி எட்டரை அங்குலம், அதாவது 56.5 அங்குலம். அதை இரண்டரையால் வகுத்தால் 22.6. நீளம் 22.6இல் ஒரு பங்கு ஆகும்போது பரப்பு ஏறக்குறைய 510இல் ஒரு பங்கு ஆகிறது. கன அளவோ 11,500இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. சூடு உள்ளே இருப்பது கன அளவில், வெளியே போவது பரப்பின் வழியாக. அப்படியானால் சின்ன பாய்லர் தன்னிடம் உள்ள தண்ணீரோடு ஒப்பிட்டால் 22 மடங்கு வெளிப்பரப்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நிஜ இன்ஜின் நெருப்பை அணைத்த மறுநாள் காலையிலும் வெதுவெதுப்பாக இருக்கும். இது டீ ஆறுவது போல ஆறிவிடும். நீராவி சிலிண்டருக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி தண்ணீராகிவிடும். டிரிப்ளர் சொட்டியதும் இதனால்தான்.

குழாயும் அப்படித்தான். நிஜ பாய்லருக்குள் சூடான புகை போகும் குழாய் சுமார் 2 அங்குலம் தடிமன். 22.6ஆல் வகுத்தால் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். அதில் புகையே நுழையாது, கரி அடைத்துக்கொள்ளும். லாரன்ஸ் குழாயின் அளவை அதே விகிதத்தில் குறைக்காமல் எண்ணிக்கையைக் குறைத்தார். நூற்றுக்கணக்கான குழாய்க்குப் பதில் தடித்த குழாய்கள் கொஞ்சம். நீராவியை நெருப்புக்கு அருகே இன்னொரு சுற்று விட்டு, காய வைத்து, சிலிண்டருக்கு அனுப்பினார்.

நிலக்கரியின் பெரிய வசதி வேறு ஒன்று. சிலிண்டரில் வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியாக 'சுக் சுக்' என்று வெளியேறும்போது நெருப்பின் ஊடே காற்றை இழுக்கிறது. பாரம் கூடினால் இழுப்பு கூடும், நெருப்பும் கூடும். 1829இல் ஸ்டீபன்சனின் ராக்கெட்டிலேயே இந்த ஏற்பாடு உண்டு. பானைக்கு அடியில் தன் போக்கில் எரியும் ஸ்பிரிட் விளக்குக்கு இன்ஜின் மேட்டில் ஏறுவது தெரியவே தெரியாது.

லாரன்ஸ் 1967இல் இறக்கும் காலம் வரை எழுதினார். சாதாரண வீட்டில் ஒரு சின்ன லேத் வைத்திருப்பவனுக்குப் புரியும்படி எழுதினார். நின்றுபோன இன்ஜினைப் பழுது பார்க்கும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது, வைத்தியர் நாடி பார்ப்பது போல. முதலில் நெருப்பே வேண்டாம். பம்பால் காற்றை அடித்துச் சக்கரம் சுற்றுகிறதா என்று பார். சக்கரம் ஒரு சுற்றுக்கு நாலு 'சுக்' வர வேண்டும். நொண்டியடித்தால் வால்வு நேரம் தவறியிருக்கிறது. காற்றில் நன்றாக ஓடி நெருப்பில் ஓடவில்லையா? முன்பக்கப் புகைப்பெட்டியைப் பார். கதவு ஓரத்தில் காற்றுக் கசிவு இருக்கும். அல்லது நீராவி வெளியேறும் முனை புகைபோக்கியின் நடுவுக்கு நேராக இருக்காது. ஒரு நேரான கம்பியை முனையில் செருகிப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். தண்ணீர் ஏறவில்லையா? ஒருவழி வால்வின் குண்டுக்கு அடியில் ஒரு துளி அழுக்கு இருக்கும். அரைக் குன்றிமணி அழுக்குக்காக முழு இன்ஜினையும் பிரித்துப் போட்டவர்கள் உண்டாம்.

பாய்லரைச் சோதிப்பது எப்போதும் குளிர்ந்த தண்ணீரால்தான், வேலை அழுத்தத்தைப்போல் இரு மடங்கு. தண்ணீர் அமுங்காது. ஓட்டை விழுந்தால் பீச்சி அடித்துவிட்டு அழுத்தம் உடனே போய்விடும். நீராவியோ காற்றோ என்றால் வெடிக்கும்.

இப்போது 1987க்கு வருகிறேன். அறிவியல் கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பு அந்தப் பையன் நீராவி இன்ஜின் செய்கிறேன் என்றான். நான் ஒரு புத்தகப் படத்தைக் கொடுத்து, 'எல்லா அளவையும் இருபதால் வகுத்துச் செய், தானாக ஓடும்' என்றேன். அவன் அப்படியே செய்தான். நீராவிக் குழாய்க்கு பால்பாயிண்ட் ரீஃபிலின் பித்தளை முனையைக்கூடத் தேடிப்பிடித்தான். பால் டின்னுக்கு ஈயப்பற்று வைத்தான். அதிகாரி வருவதற்கு முன் நான்தான் இரண்டு முறை ஓட்டிக் காட்டச் சொன்னேன். இரண்டு முறையும் சக்கரம் அரைச் சுற்று போய் நின்றது. நான் விளக்கை எரியவிடச் சொன்னேன். டின்னில் தண்ணீர் தீர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் இருக்கும்வரை ஈயத்துக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் போனால், 183 டிகிரியில் இளகத் தொடங்கும் பற்று நெருப்புக்கு எப்படித் தாங்கும்? அதிகாரி வந்து நின்ற நேரத்தில் அடிப்பகுதி கழன்று விழுந்தது.

"ஒழுங்காக அளவெடுக்காமல் செய்தால் இப்படித்தான்" என்று அவனைக் கூட்டத்தின் முன்னால் வைத்துச் சொன்னேன். அவன் ஒழுங்காகத்தான் அளவெடுத்திருந்தான். இன்ஜின் ஓடாததற்கு அதுதான் காரணம். அளவு எடுக்கச் சொன்னவன் நான். அடுத்த வருடம் அவன் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கவில்லை. நான் ஏன் என்று கேட்கவும் இல்லை. அந்த டின்னில் தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்து, அழுத்தம் ஏறி வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து இப்போது இரவில் ஒருநாள் விழித்துக்கொண்டேன்.

நேற்று அவனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன், தவறு என்னுடையது என்பதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "குழாயை அப்பவே பெருசா வைக்கணும்னு தோணுச்சு சார், நீங்க திட்டுவீங்கன்னு வைக்கல" என்றான். பட்டறையில் செம்புத் தகடு கிடக்கிறதாம், தீபாவளி விடுமுறையில் மறுபடி ஒன்று செய்யப் போகிறானாம். என்னை வரச் சொல்லியிருக்கிறான்.

ஈயப்பற்று வேண்டாம், வெள்ளிப் பற்று வை, தண்ணீரால் சோதிக்காமல் தீ மூட்டாதே என்றேன்.

"அது எனக்குத் தெரியும் சார், நீங்க டிக்கெட் போடுங்க" என்றான்.